வாரந்தோறும் ஒரு பகுதி: தோரா வாசிப்பும் மேசியா நோக்கும்



இந்தக் கருத்தரங்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒவ்வொரு ஓய்வுநாளிலும் உலகின் பல நகரங்களில் கண்ணெதிரே நடக்கும் ஒரு காரியம். சனிக்கிழமை காலை ஜெப ஆலயத்தில் பேழை திறக்கப்படுகிறது. தோல்சுருள் மேடைக்கு வருகிறது. அதில் உயிர்க்குறி இல்லை, இசைக்குறி இல்லை, வசன எண்ணும் இல்லை. வாசிப்பவர் கைவடிவ முனை கொண்ட சுட்டுகோலை வரிமேல் நகர்த்தியபடி, முன்கூட்டியே மனத்தில் ஏற்றிவைத்த உயிரொலியையும் இராகத்தையும் கூட்டி வாசிக்கிறார். அருகில் நிற்பவர் அச்சுப் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறார். பொருள் மாறும்படி ஒரு சொல் பிசகினால் உடனே திருத்துவார். வாசிப்பவர் அந்த இடத்தைத் திரும்ப வாசிப்பார். ஏழு பேர் முறையாக அழைக்கப்பட்டு முடியும்போது அந்த வாரத்துக்குரிய பகுதி, அதாவது பராஷா, நிறைவேறுகிறது. அதன்பின் தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து ஹஃப்தாரா என்ற வாசகம்.

ஆதியாகமம் முதல் உபாகமம் வரை மொத்தம் 54 பகுதிகள். ஓய்வுநாள்கள் போதாத ஆண்டுகளில் சில பகுதிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும். சிம்ஹாத் தோரா திருநாளில் உபாகமத்தின் கடைசி வரி முடிந்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரி தொடங்கிவிடும். தமிழ் வேதாகமத்தில் நாம் பார்த்துப் பழகிய அதிகாரப் பிரிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் பெயரோடு பரவிய ஏற்பாடு. இது யூத ஜெப ஆலயத்தில் வளர்ந்தது.

இந்தச் சுற்றில் மேசியானிக் யூதர்கள் சேர்க்கும் மூன்றாவது வாசகம்தான் நம் விவாதத்தின் மையம். இயேசுவை மேசியாவாக ஏற்றுக்கொண்டு, யூத வழிபாட்டு முறையையும் விடாமல் வைத்திருப்பவர்கள் இவர்கள். 1880-களில் கிஷினேவ் நகரில் ஜோசப் ரபினோவிச் இப்படி ஒரு சபையைக் கூட்டினார். 1885-இல் பெர்லினில் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் தம்மை யூதராகவே சொல்லிக்கொண்டார், சனிக்கிழமையைக் கைவிடவில்லை. ஃபிரான்ஸ் டெலிட்ஷ் 1877-இல் வெளியிட்ட எபிரெயப் புதிய ஏற்பாடு அவர் காலத்தவருக்குப் பெருந்துணை. நூறாண்டு கழித்து டேவிட் ஸ்டெர்ன் 1998-இல் வெளியிட்ட முழுமையான யூத வேதாகமத்தில், ஒவ்வொரு பராஷாவுக்கும் ஹஃப்தாராவோடு புதிய ஏற்பாட்டு வாசகமும் பரிந்துரைக்கப்பட்டது. ஆனாலும் எல்லாச் சபைகளும் ஏற்ற ஒரே பட்டியல் இன்றுவரை இல்லை. ஆய்வாளருக்கு வேலை இருப்பது அங்கேதான்.

பெரும்பான்மை யூத சமூகம் இவர்களின் வழியை யூத மதமாக ஏற்பதில்லை. 1989-இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றமும், திரும்பிவரும் உரிமைச் சட்டத்தின்கீழ் குடியுரிமை கேட்ட மேசியானிக் யூதருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அந்தப் பெரும்பான்மை யூதர்களின் வேதத்தை, அவர்களுடைய வாசிப்பு முறையில், அவர்கள் மறுக்கும் ஒரு முடிவோடு படிக்கிறோம் என்ற உணர்வு இந்த அவையின் ஒவ்வொரு கட்டுரையிலும் இருக்க வேண்டும்.

வாரப் பகுதியின் பெரிய வலிமை, வாசகன் கையில் தேர்வு இல்லாததுதான். பிடித்த வசனத்தைப் பிடித்த நாளில் எடுத்துக்கொள்ள முடியாது. காலண்டர் சொல்லும் பகுதியை அந்த வாரம் வாசித்தே ஆக வேண்டும். மேசியா நோக்கில் படிப்பவர்கள் பலர் இந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்டு, பகுதியின் இரண்டாம் வசனத்திலேயே கொல்கொதாவுக்குத் தாவிவிடுகிறார்கள். அப்படித் தாவினால் 54 வாரமும் ஒரே பிரசங்கம்தான் கிடைக்கும்.

தஸ்ரியா என்ற பகுதியைப் பாருங்கள். லேவியராகமம் 12, 13 அதிகாரங்கள்: பிள்ளை பெற்றவளின் சுத்திகரிப்பு, தோலில் தோன்றும் வெண்குறி, உடையில் படரும் பூசணம். ஞாயிறு பிரசங்கத்தில் பெரும்பாலும் எவரும் தொடாத இடம். ஆண்பிள்ளை பெற்றவள் 7 நாளும் அதன்மேல் 33 நாளும் கழித்து, ஆட்டுக்குட்டியும் ஒரு பறவையும் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு வசதியில்லாவிட்டால் இரண்டு காட்டுப்புறாக்களோ இரண்டு புறாக்குஞ்சுகளோ போதும். லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் குழந்தை இயேசுவோடு எருசலேமுக்குப் போகும் குடும்பம் தொடர்பாகப் பேசப்படுவது பறவைகள் மட்டும்தான். அந்த வீட்டில் ஆட்டுக்குட்டி வாங்கக் காசில்லை என்று லூக்கா எங்கும் எழுதவில்லை. தஸ்ரியா காதில் விழுந்தவருக்கு அதை எழுதத் தேவையுமில்லை. எந்த உருவகத்தையும் வலிந்து ஏற்றாமல், சட்டத்தை உள்ளபடி படித்ததால் மட்டுமே கிடைத்த செய்தி இது.

அடுத்த பகுதி மெட்சோரா. 13-ஆம் மாதம் சேராத சாதாரண ஆண்டுகளில் இரண்டும் ஒரே ஓய்வுநாளில் வரும். குஷ்டம் நீங்கியவனுக்காக ஒரு குருவியைக் கொன்று மற்றொன்றைப் பறக்கவிடும் சடங்கு இதில் இருக்கிறது. மரணமும் உயிர்த்தெழுதலும் என்று உடனே சொல்லிவிட நாக்கு துடிக்கும். அதற்கு முன் மாற்கு முதலாம் அதிகாரத்தைத் திறப்பது நல்லது. குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிய இயேசு, ஆசாரியனிடம் போய்க் காட்டி மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து என்றுதான் அவனை அனுப்புகிறார். மெட்சோராவை அவர் விளக்கவில்லை, கடைப்பிடிக்கச் சொன்னார்.

இனி வயேரா. ஆதியாகமம் 18 முதல் 22 வரை. மோரியா மலையில் ஈசாக்கு கட்டப்படுவது இதில்தான். அதற்குரிய ஹஃப்தாரா இரண்டாம் இராஜாக்கள் 4: சூனேம் ஊர்ப் பெண், எலிசா, அவள் மகன். சாராளுக்குக் கிடைத்த அதே வாக்குறுதி, அடுத்த ஆண்டு இதே காலத்தில் பிள்ளை என்பது, அவளுக்கும் கிடைக்கிறது. பிள்ளை பிறக்கிறது, இறக்கிறது, எழுப்பப்படுகிறது. ஆபிரகாம் தன் மகனை மரித்தோரிலிருந்து பெற்றதுபோலப் பெற்றான் என்ற பொருளில் எபிரெயர் 11 பேசுவதை இதோடு சேர்த்தால், மூன்று வாசகங்களும் ஒரே சரட்டில் வந்து நிற்கின்றன. மேசியானிக் சபைகளில் மனம் நெகிழ வைக்கும் வாரங்களில் இது ஒன்று.

இங்கேதான் ஆய்வாளர் நிதானிக்க வேண்டும். மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதரின் அஷ்கெனாசி மரபில் இந்த ஹஃப்தாரா 37-ஆம் வசனம்வரை போகிறது. ஸ்பெயின் வழிவந்த யூதரின் செபராது மரபிலோ 23-ஆம் வசனத்தோடு நின்றுவிடும். பிள்ளை இறந்து கிடக்கிறான், தாய் எலிசாவைத் தேடிப் புறப்படுகிறாள், அவ்வளவுதான். யூத வாசிப்பே உயிர்த்தெழுதலை அறிவிக்கிறது என்று முழங்கினால் பாதி ஜெப ஆலயங்களில் அது செல்லாது. இன்னொரு பக்கம், எதிர்பாராத இடத்திலிருந்து வெளிச்சம் வருகிறது. ஆதியாகம ரப்பா என்ற பழைய மித்ராஷ், விறகு சுமந்து நடக்கும் ஈசாக்கைத் தன் சிலுவைமரத்தைத் தோளில் சுமப்பவனுக்கு ஒப்பிடுகிறது. ரபிகள் கிறிஸ்தவ நம்பிக்கையை ஒளித்துவைத்தார்கள் என்பதற்கு இது சான்றாகாது. ரோம ஆட்சியில் வாழ்ந்தவர்கள் அந்தக் காட்சியை நன்கு அறிந்திருந்தார்கள். யூத விளக்கங்களை முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

வரலாற்றுக் கணக்கிலும் கவனம் தேவை. முதல் நூற்றாண்டில் ஓய்வுநாள் வாசிப்பு இருந்தது உறுதி. அப்போஸ்தலர் நடபடிகள் 13, 15 அதிகாரங்களும், யோசேபஸும் அதைச் சொல்கின்றனர். எருசலேமில் 1913-இல் கிடைத்த தியோதோத்தோஸ் கிரேக்கக் கல்வெட்டு, நியாயப்பிரமாணத்தை வாசிப்பதற்காகவே ஜெப ஆலயம் கட்டப்பட்டதாக அறிவிக்கிறது. ஆனால் இன்றைய ஓராண்டுச் சுற்று பாபிலோனிய மரபு. பாலஸ்தீன மரபில் ஏறக்குறைய மூன்றாண்டுச் சுற்று வழங்கியது. 1170 வாக்கில் கெய்ரோ சென்ற துதேலா ஊர் பெஞ்சமின், ஒரே நகரில் இரு ஜெப ஆலயங்கள் இரு முறையில் வாசித்ததையும், சிம்ஹாத் தோரா அன்று இரு சாராரும் கூடித் தொழுததையும் எழுதிவைத்தார். ஆகவே இந்த வாரத்துப் பகுதியை நாசரேத்தில் இயேசுவும் இதே வாரம் வாசித்தார் என்று எவரும் சொல்லத் துணியக்கூடாது. எய்லீன் கில்டிங் 1960-இல் யோவான் சுவிசேஷமே மூன்றாண்டு வாசகச் சுற்றின்மேல் கட்டப்பட்டது என்று வாதிட்டார். லியோன் மோரிஸ் 1964-இல் அதன் அடித்தளத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். படித்துப் பார்த்தால் மோரிஸின் தயக்கமே நியாயமாகப் படுகிறது.

ஏசாயா 53 பற்றிய குற்றச்சாட்டும் இப்படித்தான். ஆப் மாத 9-ஆம் நாள் துக்கத்துக்குப் பின் வரும் ஏழு ஆறுதல் ஹஃப்தாராக்களில் ஒன்று 52:12-இல் முடிகிறது. அடுத்த வாரத்தது 54:1-இல் தொடங்குகிறது. நடுவில் பாடுபடும் ஊழியரின் பகுதி விடுபட்டிருக்கிறது. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. மறைப்பது நோக்கமென்றால், கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் கொண்டாடும் ஏசாயா 9:6, 7 வசனங்களை இத்ரோ பகுதியோடு அஷ்கெனாசிகள் ஏன் ஆண்டுதோறும் வாசிக்கிறார்கள்? ஈசாயின் அடிமரத்துத் துளிரைப் பேசும் 11-ஆம் அதிகாரம் இஸ்ரேலுக்கு வெளியே பஸ்காவின் எட்டாம் நாளில் ஏன் ஒலிக்கிறது? தீர்க்கதரிசிகளின் நூல்களில் பெரும்பகுதி ஹஃப்தாராவில் இடம்பெறுவதே இல்லை. நாசரேத்தில் இயேசு வாசித்த ஏசாயா 61-இன் தொடக்கமும் இன்றைய சுற்றில் இல்லை. அந்த அதிகாரம் 10-ஆம் வசனத்திலிருந்துதான் வாசிக்கப்படுகிறது. சான்றில்லாத பழியை அண்டை வீட்டார்மேல் சுமத்துவது மேசியாவுக்குச் செய்யும் தொண்டாகாது.

இந்த இரண்டு நாளில் அவை ஒரு வேலையைத் தொடங்கினால் மிகுந்த பயன் உண்டு: தமிழில் ஒரு வாசக அட்டவணை. 54 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் அஷ்கெனாசி, செபராது ஹஃப்தாரா இரண்டும், பிறகு புதிய ஏற்பாட்டுக்கு இரண்டு பத்திகள். முதல் பத்தியில் லூக்காவின் புறாக்களைப் போல, புதிய ஏற்பாடே அந்தத் தோராப் பகுதியைத் தொட்டுப் பேசும் இடங்கள் மட்டும். இரண்டாவதில் பின்வந்த வாசகர்கள் கண்ட ஒப்புமைகள், யார் கண்டது என்ற குறிப்போடு. வசன எண் எபிரெயத்திலும் தமிழிலும் வேறுபடும் இடங்களில் இரண்டையும் தர வேண்டும். எபிரெயம் படித்தவர்களும் தமிழ் வேதாகமத்தில் ஊறியவர்களும் இந்த அரங்கில் ஒன்றாக இருக்கிறார்கள். ஆதியாகமத்தின் 12 பகுதிகளையாவது நாளை மாலைக்குள் முடித்துவிடலாம்.