பழைய சேலையில் பிள்ளைக்கு ஒரு கவுன்



நல்லதண்ணியில் மலை சீசனில் பகலில் பெரும்பாலும் வெயில்தான். பிள்ளைகளுக்குப் பருத்திக் கவுன் வேண்டும். கையில் காசில்லை, பழைய சேலை இருக்கிறது. அது போதும்.

முதலில் சேலையைத் துவைத்துக் காயவைத்து, இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். சேற்றில் ஊறி இற்ற இடம் கிழியும். அதை விட்டு வெட்டுங்கள். பிள்ளைக்கு அளவான சட்டையை மேலே விரித்து, பக்கங்களில் ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். கீழே நான்கு அங்குலம் விட்டால், வளர வளர மடிப்பை அவிழ்த்து இறக்கலாம்.

“மிஷின் மண்ணோடு போயிருச்சே” என்றார் ஓர் அக்கா. கைத்தையலே நிற்கும். தோளுக்கும் கைக்குழிக்கும் மட்டும், ஊசியைப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் பின்தையல் போடுங்கள். கைக்குழியைத் தாராளமாக வெட்டுங்கள். அந்திக் குளிருக்கு உள்ளே இன்னொரு சட்டை போடவேண்டும்.

நான் முதலில் தைத்த கவுனில் பிள்ளையின் தலை நுழையவில்லை. முதுகுப் பக்கம் கழுத்தைக் கொஞ்சம் திறந்து, ஒரு பொத்தான் வையுங்கள்.