கலைக்களஞ்சியத்தில் சொந்தக்காரர் கை



இந்தச் சொற்பொழிவுக்கு அழைத்தபோதே, அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் தங்கள் வீட்டுப் பெரியவருக்காக இன்னொன்றும் கேட்டார்கள். "ஐயாவைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் போட்டுக் கொடுங்க சார்." முடியாது என்றேன். வழிச்செலவும் சன்மானமும் வாங்கிக்கொண்டு இங்கே அவரைப் பாராட்டுகிறேன். அதில் தப்பில்லை, அவைக்கே தெரிந்து நடக்கிறது. அதே கையால் கலைக்களஞ்சியத்தில் எழுதினால் படிக்கிறவருக்குச் சன்மானம் கண்ணில் படாது. நலமுரண் என்பது இவ்வளவுதான். அவர்களுக்கு வருத்தம். அதனால்தான் இன்றைய தலைப்பு.

உதாரணத்துக்கு ஒரு தேர்தலைப் பாருங்கள்: நம் மலேசியாவின் புக்கிட் செலம்பாவில் 2009 ஏப்ரல் 7 அன்று நடந்த இடைத்தேர்தலில் 15 பேர் நின்றார்கள். ஒவ்வொருவரும் தன்னைத் தானே புகழ்ந்துகொண்டார். சுவரொட்டியில் அடக்கத்தை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் யாருக்கு எத்தனை வாக்கு என்று 15 பேரையும் ஒரே அட்டவணையில் எழுதும் வேலையை, அந்த 15 பேரில் ஒருவரிடம் கொடுப்போமா?

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஒரு வழக்கு இருக்கிறது. நம் பிள்ளைகள் எஸ்.பி.எம். முடித்துக் கல்லூரி தேடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். ஐ.ஐ.பி.எம். என்ற வணிக மேலாண்மை நிறுவனம் டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு பல நகரங்களில் வளாகம் நடத்தியது. முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரங்களுக்குப் பேர்போனது. பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் அதற்கு இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் அதைப் பற்றிய கட்டுரையை 'வைஃபைஒன்' என்ற புனைபெயர்க்காரர் ஆண்டுக்கணக்கில் காத்து வந்தார். அவர் வம்புக்காரர் அல்லர். பணிவானவர், விதிகளைக் கரைத்துக் குடித்தவர். 2010இல் அவரை நிர்வாகியாகவே ஆக்கினார்கள். விமரிசனம் ஏறும்போதெல்லாம் ஆதாரம் சரியில்லை, நடுநிலை இல்லை என்று ஏதாவது ஒரு விதியைக் காட்டி அதை மெலியவைத்தார். ஒரு வரியை மட்டும் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். ஐந்தாண்டுத் திருத்தங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் சாய்வு தெரிந்தது. 2015 பிப்ரவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அவருடைய நிர்வாகிப் பொறுப்பைப் பறித்து அவரைத் தடை செய்தது.

இதே நிறுவனம் தொடர்பாக 2013இல் குவாலியர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 73 இணையப் பக்கங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டன. அவற்றில் மானியக் குழுவின் அறிவிப்பும் ஒன்று. பெற்றோரை எச்சரிக்கும் அரசுத் தாளே மறைந்துபோன நேரத்தில், எல்லாரும் நம்பும் கலைக்களஞ்சியமும் பூசி மெழுகி இருந்தால் பிள்ளைக்கு வழி ஏது? 2015இல் அந்த நிறுவனம் பெரும்பாலான வளாகங்களை மூடுவதாக அறிவித்தது. கட்டிய பணம் கட்டியதுதான்.

அதே 2015 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இன்னொரு கூட்டமும் பிடிபட்டது. கட்டுரை நிராகரிக்கப்பட்ட சிறு வணிகர்களையும் கலைஞர்களையும் தேடிப்போய், காசு கொடுத்தால் ஏற்றித் தருகிறோம் என்றார்கள். ஏற்றிய பிறகு, யாரும் அழிக்காமல் காவல் காக்கிறோம் என்று மாதப்பணம் கேட்டார்கள். சாலையோரக் கடையில் மாமூல் வாங்கும் அதே தொழில். விக்கிப்பீடியா நிர்வாகிகள் அந்தக் கூட்டத்தின் 381 கைப்பாவை (போலிப்பெயர்) கணக்குகளை முடக்கி, 210 கட்டுரைகளை நீக்கினார்கள். இத்தனைக்கும், கூலிக்கு எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை 2014 ஜூனிலேயே வந்துவிட்டது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அங்கே நம் சிக்கல் வேறு மாதிரி. ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையைப் பல நூறு கண்கள் பார்க்கும். தமிழில் எழுதுகிறவரே குறைவு. போதாததற்கு, ரப்பர் தோட்டத்து வரலாறு தெரிந்தவர்களே அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள்தான். பால் வெட்டிய தாயையும் தோட்டப் பள்ளிக்குப் பலகை சுமந்த தாத்தாவையும் பேரன் எழுதாமல் வேறு யார் எழுதுவது? சொந்தக்காரர் கையே படக்கூடாது என்றால் பக்கம் வெறுமையாகத்தான் கிடக்கும். இந்தக் கேள்விக்கு மேல்நாட்டு விதிப்புத்தகத்தில் முழு விடை இல்லை என்பதே என் எண்ணம்.

ஆனாலும் ஒரு வழி உண்டு. பயனர் பக்கத்தில் உறவைச் சொல்லிவிடுங்கள். கட்டுரையைத் தொடாமல் அதன் பேச்சுப் பக்கத்தில் தகவலை வையுங்கள். உறவில்லாத ஒருவர் பார்த்துச் சேர்க்கட்டும். யாரும் கவனிக்கவில்லையா, தமிழ் விக்கிப்பீடியாவின் 'ஆலமரத்தடி' என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய இதழ்கள், பள்ளி வருகைப் பதிவேடு, கோயில் திருப்பணி நோட்டீஸ் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்; அவைதான் ஆதாரம். கல்லூரியைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரை எதைப் படித்தாலும் மேலே உள்ள 'வரலாறு' தாவலைத் தட்டுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், பணம் கட்டுமுன் மலேசியத் தகுதி முகமையான எம்.க்யூ.ஏ.வின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐயாவைப் பற்றிய செய்தித்தாள் துணுக்குகளைக் குடும்பத்தார் தேடத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. பக்கம் எழுத வருகிறவர் இந்தச் சொற்பொழிவின் அச்சுச் சிறுநூலை மட்டும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம். இது அறக்கட்டளை செலவில் அச்சானது.