பத்தாம் வகுப்பிலேயே பாதையைத் தீர்மானியுங்கள்!

(தர்மபுரியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

எனக்கு முன் பேசியவர்கள் இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசினார்கள். அந்த இடத்தில் போய் உட்கார வேண்டிய பிள்ளையைப் பற்றி நான் பேச வந்திருக்கிறேன்.

மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருகிறது. அன்று மாலை நம் வீடுகளில் நடப்பது என்ன? பாஸ் என்றால், பக்கத்துப் பள்ளியில் எந்த குரூப் கிடைக்கிறதோ அதில் ப்ளஸ் ஒன். பெயில் என்றால் மாமா கடை. இல்லையென்றால் பெங்களூர் பஸ். ஒரு கடைக்கு இடம் பார்க்க ஆறு மாதம் அலைகிறோம். அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வாசலில் வண்டி நிறுத்த முடியுமா என்று நூறு கேள்வி கேட்கிறோம். பெற்ற பிள்ளையின் வழியை மட்டும் ஒரே மாலையில் முடித்து விடுகிறோம்!

கையில் தொழில், காகிதம் எங்கே?

பெங்களூர் போய் உழைப்பது குறையா? இல்லவே இல்லை. நபி தாவூத் (அலை) அவர்கள் இரும்பில் போர்க் கவசம் செய்தவர்கள். நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சு வேலை செய்தவர்கள். கைத்தொழில் நமக்குப் பெருமையே.

என் வேதனை வேறு. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் போனதும் பெங்களூர் சென்றார். வயரிங் வேலை கற்றார். பத்து ஆண்டுகளில் ஒரு முழுக் கட்டடத்துக்கு வயர் இழுக்கும் அளவுக்குத் தேறினார். வளைகுடா வேலைக்கு முயன்றபோது ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வி, "சர்டிபிகேட் இருக்கிறதா?" இல்லை. பத்தாம் வகுப்பு தேறாததால் பாஸ்போர்ட்டிலும் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை. கடைசியில் ஹெல்பர் விசாவில் போனார். இவரிடம் வேலை கேட்டுத் தெரிந்துகொள்ளும் சான்றிதழ்க்காரர் அங்கே இவருக்கு மேலதிகாரி!

அந்த இரண்டு பாடங்களை அதே ஆண்டு துணைத் தேர்வில் எழுதியிருந்தால்? அடுத்து ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு எலக்ட்ரீஷியன் படித்திருந்தால்? அன்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. இதுதான் சகோதரர்களே, நம் வீடுகளின் கதை.

ஓசூர் தரும் பாடம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம் தர்மபுரி, 68.5 விழுக்காடு. ஆனால் தொழில் நமக்குத் தொலைவில் இல்லை. 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும் வரை ஓசூர் நம் மாவட்டத்து ஊர். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் அங்கே வந்தன. அந்த ஆலைகளுக்குள் இருந்தது ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கான வேலை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே போனார்கள்? எத்தனை பேர் வாசலில் கடை போட்டார்கள்? உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள். முஸ்லிம்கள் சுயதொழிலில் அதிகம், நிரந்தரச் சம்பள வேலையில் குறைவு என்று 2006-ல் சச்சார் குழு அறிக்கை சொன்னது. அதன் வேர் பத்தாம் வகுப்பில் இருக்கிறது.

கலாம் அவர்களின் அனுபவம்

நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிறகுதான் தமக்குரிய துறை பொறியியல் என்று உணர்ந்தார்கள். இண்டர்மீடியட் முடித்தவுடனே அதில் சேர்ந்திருக்கலாமே என்ற எண்ணத்தைத் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது, பணம் இல்லை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்கள். அந்த மேதைக்கே வழிசொல்ல ஆளின்றிச் சில ஆண்டுகள் போயின என்றால், நம் பிள்ளைகளின் நிலை என்ன?

இரண்டும் ஆறு ஆண்டுகள்தான்

இப்போது கணக்குக்கு வருகிறேன். வணிகர்கள் இருக்கிறீர்கள், கணக்கு உங்களுக்குப் பிடிக்கும்.

பத்தாம் வகுப்புக்குப் பின் ப்ளஸ் டூ இரண்டு ஆண்டு, பி.இ. நான்கு ஆண்டு, ஆக ஆறு. பாலிடெக்னிக் மூன்று ஆண்டு, பிறகு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று ஆண்டு, அதுவும் ஆறு. வித்தியாசம் எங்கே? வீட்டில் கஷ்டம் வந்து மூன்றாம் ஆண்டோடு படிப்பு நின்றால், முதல் வழியில் வந்தவன் கையில் ப்ளஸ் டூ மார்க் ஷீட் மட்டும். இரண்டாம் வழியில் வந்தவன் கையில் டிப்ளமோ! நிச்சயமற்ற வருமானமுள்ள குடும்பத்துக்கு எது பாதுகாப்பு?

அதுபோல, இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். எட்டாம் வகுப்புத் தகுதியோடு சேரக்கூடிய வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளும் ஐ.டி.ஐ.யில் உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது; மாதம் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் பிள்ளைக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ படிப்புகளுக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே வயரிங் வேலையில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் தம்பிகளுக்கு, அரசு நடத்தும் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. அனுபவத்துக்குக் காகிதம் வாங்குங்கள்!

வணிகப் பெருமக்களுக்கு

"என் கடை இருக்கிறது, என் மகனுக்கு என்ன படிப்பு?" என்று கேட்பீர்கள். கடைக்கு வரட்டும், வெறுங்கையோடு வரவேண்டாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, நம் கணக்கை நாமே புரிந்துகொள்ள முடியாமல் எத்தனை பேர் தவிக்கிறோம்? ப்ளஸ் ஒன்னில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் விரும்பி எடுக்கட்டும். பி.காம். படிக்கட்டும்; ஆர்வமிருந்தால் சி.ஏ.வும் எழுதட்டும். மகன் கணக்குத் தெரிந்தவனாக வந்தால் கடை வளரும். மகளும் படிக்கட்டும், கலாம் அவர்களைப் படிக்க வைத்தது ஒரு பெண்ணின் நகை என்பதை மறவாதீர்கள்.

ஜமாஅத்தின் கடமை

போராடிப் பெற்ற தனி இடஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது, 3.5 விழுக்காடு. இதை உயர்த்தக் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் விண்ணப்பிக்கப் பிள்ளை இல்லையென்றால் இடம் நமக்காகக் காத்திருக்காது. தெக்கனி முஸ்லிமாக, லெப்பையாக, ஷேக், சையதாக இருப்பவர்கள், சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் என்று சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பாருங்கள். கடைசி நாளில் தாலுகா ஆபீஸ் படிக்கட்டில் நின்று அழுது பயனில்லை.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியல் எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரோடு உட்கார வையுங்கள். ஊரிலுள்ள ஐ.டி.ஐ. ஆசிரியர், டிப்ளமோ முடித்த தம்பி, நர்ஸ் வேலை பார்க்கும் சகோதரி ஆகியோரை வந்து பேசச் சொல்லுங்கள். தேர்வில் தவறிய பிள்ளையின் வீட்டுக்கு மறுநாளே போய்த் துணைத் தேர்வுக்குக் கட்டணம் கட்டுங்கள். பைத்துல்மாலில் அதற்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். மாநாட்டுக்கு வேன் ஏற்பாடு செய்யத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா?

தம்பிகளே, உங்களுக்கு ஒரே வார்த்தை. நண்பன் எடுத்த குரூப் என்று எடுக்காதீர்கள். எது உன் கைக்கு வருகிறது, எதில் உன் மனம் நிற்கிறது என்று இப்போதே உன்னையே கேள். பிறகு அத்தாவிடம் துணிந்து பேசு.

அடுத்த மே மாதம் நம் ஊரிலிருந்து பெங்களூர் போகும் பஸ்ஸில் நம் பிள்ளைகள் ஏறட்டும். கையில் சான்றிதழோடு ஏறட்டும்! எல்லாம் வல்ல அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.