காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஜமுனாமரத்தூர், புதூர்நாடு பக்கமிருந்து மலை இறங்கி ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். "உன் பதிவு ரத்து" என்று ஒரு தாள் வந்தால், "நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்" என்று பெட்டியைக் கட்டி ஊருக்குப் பஸ் ஏறிவிடக் கூடாது. கேட்பதற்கு வழி இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிகள் என்ன சொல்லுது? முன்னேற்றம் போதவில்லை என்றால், ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முதலில் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். திருத்திக்கொள்ள வழியும் சொல்ல வேண்டும். அதையும் மாணவர் செய்யாவிட்டால்தான், குறிப்பான காரணங்களோடு ரத்துக்குப் பரிந்துரைக்கலாம். ஆகவே முதல் கேள்வி: "ஐயா, காரணத்தை எழுத்தில் கொடுங்க." இது மரியாதைக் குறைவு இல்லை, விதி.

காலக்கெடுவும் தெரிஞ்சிருக்கணும். படிப்புக்கு 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு தளர்வு தரலாம். மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு.

அடுத்து மேல்முறையீடு. 2023 விதிகளின்படி, மாணவர் குறைதீர்க்கும் குழுவிடம் மனு கொடுக்கலாம். அவர்கள் கூடியவரை 15 வேலை நாளில் அறிக்கை தரவேண்டும். அதில் திருப்தி இல்லையா? முடிவு கைக்கு வந்ததிலிருந்து 15 நாளுக்குள் ஓம்பட்ஸ்பெர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ, பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பொறுப்பில் இருப்பார். ஆனால் "மார்க் குறைஞ்சுபோச்சு, மறுபடி திருத்துங்க" என்று மட்டும் கேட்டால் அங்கே எடுபடாது. குறிப்பான முறைகேடோ, பாகுபாடோ காட்ட வேண்டும். திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பார்க்கலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

நம்ம மலையிலிருக்கும் காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். கணித மேதை ராமானுஜன் பெயரையே அதற்கு வைத்தார்கள். எந்த நேரத்தில் எந்த இடத்தில் பார்த்தோம் என்ற பதிவு இருந்ததால்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. நீங்களும் அப்படியே செய்யுங்க. ஒவ்வொரு பருவமும் நெறியாளரிடம் அறிக்கை கொடுத்த தேதி, அவர் சொன்ன திருத்தம், கடிதம் கைக்கு வந்த நாள் எல்லாவற்றையும் குறித்து வையுங்க. மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீங்க.

கடைசியாக முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனு கொடுத்தவர் தாமே வரலாம், அல்லது ஒரு பிரதிநிதியை அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. பெரிய மேசைக்கு எதிரே தனியாக நின்று பேச நம்ம பிள்ளைகளுக்கு நாக்கு எழாது. வக்கீலும் வங்கி மேலாளரும் தாசில்தாரும் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். நன்கொடை கொடுப்பது நல்லதுதான்; அதோடு ஒரு நாள் லீவு போட்டு அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்காருங்கள்.