மேகத்துக்குள்ள பறக்க எதைப் படிக்கணும்?

விமானம் ஓட்டக் கத்துக்கறது பத்தின எபிசோடுக்கு அப்புறம் டெக்ஸாஸ்ல இருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கியாச்சு, அடுத்து இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். "புக், வீடியோ கோர்ஸ், ஆப்னு இருபது டேப் திறந்து வெச்சிருக்கேன். எதை வாங்கறது?" இதுதான் கேள்வி. அதனால இன்னைக்கு அமெரிக்காவோட எஃப்ஏஏ முறையை மட்டும் பார்ப்போம். இந்தியாவுல டிஜிசிஏ விதிகள் தனி.

புதுசா கேக்கறவங்களுக்கு: வெளியே எதுவுமே தெரியாதப்போ, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க அனுமதி தர்றதுதான் இந்த ரேட்டிங். இது ஏன் தனியா வேணும்? நம்ம காது பொய் சொல்லும். மெதுவா ஒரே சீரா திரும்பிக்கிட்டே இருந்தா, கொஞ்ச நேரத்துல உள்காதுல இருக்கிற திரவமும் அதே வேகத்துக்கு வந்துடும். அப்போ நேரா போற மாதிரியே தோணும். விமானத்தை நிஜமாவே நேராக்கினா, எதிர்ப்பக்கம் திரும்பற மாதிரி இருக்கும்.

1999 ஜூலை 16 ராத்திரி, ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டின விமானம் மார்த்தாஸ் வின்யார்ட் தீவு பக்கத்துல கடல்ல விழுந்தது. அவரோட சேர்த்து மூணு பேர் இறந்தாங்க. இருட்டு, மூட்டம், கீழே தண்ணி. மேல எது, கீழ எதுன்னு உணர்வு குழம்பினதால கட்டுப்பாட்டை இழந்தார்னு விசாரணை அறிக்கை சொல்லுது. அவருக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கிடையாது. ஆனா அந்த ரேட்டிங்குக்கான எழுத்துத் தேர்வை அதே வருஷம் மார்ச்லயே பாஸ் பண்ணியிருந்தார்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு கடைக்குப் போவோம்.

முதல்ல இலவசம்

எஃப்ஏஏ தளத்துல 'இன்ஸ்ட்ருமென்ட் ஃப்ளையிங் ஹேண்ட்புக்' பிடிஎஃப்பா சும்மாவே கிடைக்குது. கருவிகள் எப்படி வேலை செய்யுது, எப்போ தப்புக் காட்டும், காது எப்படி ஏமாத்தும்னு எல்லாம் அதுல இருக்கு. அடுத்து 'இன்ஸ்ட்ருமென்ட் ப்ரொசீஜர்ஸ் ஹேண்ட்புக்'. கிளம்பறதுல இருந்து இறங்கற வரைக்குமான நடைமுறை அதுல வரும். மூணாவது ஏசிஎஸ். செக்ரைட்ல எக்ஸாமினர் எதையெல்லாம் பார்ப்பார்ங்கற பட்டியல் அது. நம்ம பாஷையில சொன்னா ரிக்வயர்மென்ட்ஸ் டாக்குமென்ட். படிக்க ஆரம்பிக்கும்போதே அதைத் திறந்து வெச்சுக்கோங்க.

வீடியோ கோர்ஸ்: ஒண்ணு போதும்

ஹேண்ட்புக் நடை கொஞ்சம் வறட்சி. அதனால ஸ்போர்ட்டிஸ், கிங் ஸ்கூல்ஸ் மாதிரி ஒரு கோர்ஸ் வாங்கறதுல தப்பில்ல. ரெண்டு வாங்கினா ரெண்டுமே பாதியில நிக்கும்.

எதை எடுக்கறதுன்னு தெரியலன்னா ஒரு டெஸ்ட் சொல்றேன். மேகத்துக்குள்ள ரேடியோ செத்துப்போனா என்ன செய்யணும்ங்கற பாடத்தை மட்டும் எடுத்துப் பாருங்க. விதி 91.185. உயரத்துக்கு மூணு எண் இருக்கும்: கடைசியா தந்த உயரம், எதிர்பார்க்கச் சொன்ன உயரம், அந்தப் பகுதியோட குறைந்தபட்ச ஐஎஃப்ஆர் உயரம். ஒவ்வொரு பகுதியிலயும் மூணுல எது அதிகமோ அதுல பறக்கணும். ஏன் அதிகம்? கீழே மலை இருக்கலாம். ஏன் இவ்வளவு கறாரா ஒரு விதி? பேச முடியாத நேரத்துலயும் நீங்க அடுத்து என்ன செய்வீங்கன்னு கன்ட்ரோலர் ஊகிக்க முடியணும். கனெக்‌ஷன் போனா ரெண்டு பக்கமும் என்ன பண்ணணும்னு முன்னாடியே பேசி வெச்ச புரோட்டோகால் மாதிரிதான் இது. இந்த 'ஏன்'களைச் சொல்ற பாடத்தை வாங்குங்க. விதியை மட்டும் ஒப்பிச்சா அடுத்ததைப் பாருங்க.

கேள்வி வங்கி கடைசியா

எழுத்துத் தேர்வுல 60 கேள்வி, பாஸ் மார்க் 70 சதவீதம். ஷெப்பர்ட் ஏர் மாதிரியான கேள்வி வங்கிகளை மனப்பாடம் பண்ணா நல்ல மார்க் வரும். லீட்கோட் மாதிரிதான், இன்டர்வியூ தாண்டலாம். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா அது கை கொடுக்காது. இங்க விழப்போறது சர்வர் இல்ல. அதனால வங்கிக்குக் கடைசி ரெண்டு, மூணு வாரம் போதும். தப்பா பதில் சொன்ன கேள்விகளோட ஏசிஎஸ் கோடுகள் ரிசல்ட்ல வரும். எக்ஸாமினர் வாய்மொழித் தேர்வுல அங்கேயே தோண்டுவார். ரிசல்ட் 24 மாசம் செல்லும், அதனால மனப்பாடத்துக்கு அவசரமும் இல்ல.

காசு எங்க போகணும்?

ரேட்டிங்குக்கு 40 மணி நேர இன்ஸ்ட்ருமென்ட் பறப்பு வேணும். அதுல குறைஞ்சது 15 மணி நேரம் தகுதியான பயிற்சியாளரோட. பெரிய செலவு அங்கதான். அந்த மணிகளை வீணாக்காம இருக்கத்தான் தரையில படிக்கறோம். உங்க ஊர் விமான நிலையத்தோட அப்ரோச் சார்ட்டை எஃப்ஏஏ தளத்துல இறக்குங்க, அதுவும் இலவசம். 28 நாளைக்கு ஒரு தடவை மாறும், தேதியைப் பாருங்க. முந்தின ராத்திரி அதை விரலால தொட்டு, சத்தமா சொல்லிப் பாருங்க: எந்த உயரம், எங்க இறங்கணும், ரன்வே தெரியலன்னா எந்தப் பக்கம் ஏறணும். வீட்டு சிமுலேட்டர்ல அதையே பறந்து பாருங்க. அது மணிக்கணக்குல சேராது, ஆனா பட்டன் தேடற நேரம் மிச்சம்.

அப்போ டெக்ஸாஸ் நண்பருக்கு: ரெண்டு ஹேண்ட்புக், ஏசிஎஸ், ஒரு கோர்ஸ், கடைசியில ஒரு கேள்வி வங்கி. மத்த டேப்பெல்லாம் மூடிடுங்க. மிச்சமாகற காசை ஒரு நல்ல பயிற்சியாளருக்குக் கொடுங்க. முடிஞ்சா அவரோட ஒரு தடவையாவது நிஜ மேகத்துக்குள்ள போய்ட்டு வாங்க.

கேள்வி இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.