பால் பத்தலையா?

பச்சைக்குழந்தை வீறிட்டு அழுதால் போதும், "பால் பத்தலை போல" என்று வீட்டில் ஒரு குரல் கேட்கும். பால் ஊறட்டும் என்று அடுத்த வேளைக்கே தாய்க்குச் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் தயார். சாப்பிடட்டும், ருசிதானே!

ஆனால் பால் ஊறுவது, பிள்ளை சப்பிச் சப்பி மார்பைக் காலி செய்வதால்தான். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும். இரவிலும்தான், பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் அப்போது கூடுதலாகச் சுரக்கும். காம்பை மட்டும் கவ்வினால் பால் சரியாக வராது, அதைச் சுற்றியுள்ள கருவளையத்தோடு கவ்வ வேண்டும். நடுவில் புட்டிப்பால் புகுந்தால் சுரப்பு குறையும்.

போதுமா என்பதை அழுகை சொல்லாது, நனைந்த துணி சொல்லும். 5 நாள் கழிந்த குழந்தை தினம் 6 முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். அது குறைந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ, உடனே தாயும் பிள்ளையுமாக டாக்டரைப் பாருங்கள். தாயின் தைராய்டு கோளாறுகூடக் காரணமாக இருக்கலாம்.