சிறப்புப் பள்ளிச் செல்வங்களும் நம் சமுதாயப் பொறுப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், பட்டம் பெற்றோரையும் பதவி பெற்றோரையும் பாராட்டி மகிழ்கிறோம். அது முறையே. எனினும் இவ்விழாப் பந்தலுக்கு வாராத குழந்தைகள் சிலர் நம் தெருக்களிலேயே உள்ளனர். காது கேளாத குழந்தை, கண் தெரியாத குழந்தை, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தை, கைகால் இசையாத குழந்தை ஆகியோரே அவர்கள். இவர்களுள் சிலர் சிறப்புப் பள்ளிகளில் பயில்கின்றனர். சிலர் அப்பள்ளிகளின் விடுதிகளில் தங்கியுள்ளனர். இன்னும் சிலர் வீட்டுத் திண்ணையைத் தாண்டியதில்லை. இச்செல்வங்களைப் பற்றிச் சில கருத்துகளைக் கூறவே நாம் இம்மேடைக்கு வந்துள்ளோம்.

அண்ணல் அம்பேத்கர் சிறுவராகப் பள்ளி சென்றபோது, தாம் அமர்வதற்குரிய சாக்குத் துணியைத் தாமே கொண்டுசென்று வகுப்பின் மூலையில் தனியே அமர நேர்ந்தது. தாகம் எடுத்தாலும் குழாயைத் தொட உரிமையில்லை. பள்ளி ஏவலர் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பள்ளிக்குள் இடம் கிடைத்த பின்னரும் மதிப்பும் பாதுகாப்பும் கிடைக்காமற் போகலாம் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. இதனைப் படித்தும் பிறருக்கு எடுத்துரைத்தும் வந்துள்ள நாமே, நம் தெருக் குழந்தையைப் பெற்றோர் இட்ட பெயரால் அழையாது, 'நொண்டி' என்றும் 'செவிடு' என்றும் 'பைத்தியம்' என்றும் அழைக்கலாமா? பிறர் சூட்டிய இழிபெயரின் வலியைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள், அவ்வலியை இன்னொருவர் தலையில் ஏற்றுதல் தகுமா?

இவ்விரு விலக்கல்களும் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளவை அல்ல. கர்னல் ஆல்காட் 1894-இல் சென்னை அடையாற்றில் நம் குழந்தைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். அதே காலப் பகுதியில்தான், 1890-இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குக் கல்வி அளிக்கத் தொடங்கினார். 1895-இல் அவ்வூரிலேயே சுவெய்ன்சன் அம்மையாரால் காது கேளாதோர் பள்ளி தோன்றியது. 'இவர்களுக்குப் படிப்பு எதற்கு?' என்று உலகம் எவரைக் கேட்டதோ, அவ்விரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கதவு திறந்தது. அவ்விரு நிலைகளும் ஒரே குழந்தையிடத்தில் கூடுமானால், அதன் சுமை இரட்டிப்பாகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இன்று சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கிற் கொண்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயில உரிமை உடையது. மற்றொன்றும் உண்டு. பொதுமக்கள் காணுமிடத்தில் ஒருவரைச் சாதியின் பேரால் இழிவுபடுத்துவதை 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. பொதுமக்கள் காணுமிடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே குற்றமாக்கி, 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. நமக்குக் கேடயமான சொற்களே அவர்களுக்கும் கேடயமாயின.

ஆயினும் சிறப்புப் பள்ளியிற் சேர்த்துவிட்டதோடு பெற்றோர் கடமை முடிந்தது என எண்ணுதல் பெரும் பிழை. பிற குழந்தைகளைக் காட்டிலும் இக்குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு மிகுதி. அதற்குரிய காரணங்களை நாம் அறிந்திருத்தல் வேண்டும். குளிக்கவும் உடுத்தவும் கழிப்பறை செல்லவும் பிறர் உதவியை நாடும் குழந்தைக்கு, எந்தத் தொடுகை உதவி, எந்தத் தொடுகை தீங்கு எனப் பிரித்தறிதல் கடினம். பெரியவர் சொற்படி நடப்பதையே நல்லொழுக்கமாகப் பழகிய குழந்தை, 'வேண்டாம்' என்று மறுக்கக் கற்றிருப்பதில்லை. பேச இயலாத குழந்தை நடந்ததைச் சொல்ல முடிவதில்லை. சொல்ல முயன்றாலும் அதனைப் பெரியோர் நம்புவதில்லை. தீங்கிழைப்போர் இவற்றையெல்லாம் நன்கு அறிவர்.

ஆதலின் வாய் சொல்லாததை உடலும் நடத்தையும் சொல்லும் என்பதைத் தாய்மார்கள் மனத்திற் கொள்ளுங்கள். விடுமுறைக்கு வந்த குழந்தை முன்பில்லாதவாறு படுக்கையை நனைத்தல், உணவை ஒதுக்குதல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு நடுங்குதல், உடை மாற்றும்போது அலறுதல், திரும்பிச் செல்லும் நாளன்று கதவைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல், காரணம் விளங்காத காயம் முதலியவற்றைக் கண்டால், 'அது அப்படித்தான், அதன் குறைபாடு' எனத் தள்ளிவிடாதீர்கள். எப்போது தொடங்கியது, எதனால் தொடங்கியது என ஆராயுங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதும் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண் குழந்தைகளுக்குப் பெண் பணியாளர் உள்ளனரா? இரவில் விடுதியில் விழித்திருப்போர் யார்? மருந்து கொடுக்கும் நேரமும் அளவும் பதிவேட்டில் எழுதப்படுகின்றனவா? பெற்றோர் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க இசைவு உண்டா? சிறப்பாசிரியர் இந்திய மறுவாழ்வுக் கழகத்திற் பதிவு பெற்றவரா? பேசாத குழந்தை தன் தேவையைத் தெரிவிக்கப் படப் பலகையோ சைகையோ கற்பிக்கப்படுகிறதா? இறுதியாகச் சொன்னது முதன்மையானது. 'வலிக்கிறது', 'பிடிக்கவில்லை', 'இவர்' என்னும் மூன்றையும் சுட்டிக்காட்டத் தெரிந்த குழந்தைக்குப் பாதி பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. அடித்தலும் மனத்தைப் புண்படுத்தலும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. 'அடித்தால்தான் இதற்குப் புரியும்' என ஆசிரியர் எவரேனும் கூறின், அதனை ஏற்காதீர்கள்.

அன்றாடப் பேணுதலிலும் அறியாமை தீங்கு செய்யும். வலிப்பு வந்த குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே உள்ளது. அதனாற் பயனொன்றும் இல்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி மடித்து வைத்து, இறுக்கிய ஆடையைத் தளர்த்துங்கள். வாயில் எதனையும் வைக்காதீர்கள்; தண்ணீரும் புகட்டாதீர்கள். 5 நிமிடத்திற்கு மேல் வலிப்பு நீடிப்பின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அவ்வாறே மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைப் படுக்க வைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயிற் புகுந்துவிடும். நிமிர்த்தி அமர வைத்துச் சிறிது சிறிதாக ஊட்டுதலே முறை.

இனி, கூறுதற்குக் கடினமான ஒன்றைக் கூறியாக வேண்டும். குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்தது தெரிந்தால் நம்மவர் பலர் முதலில் நாடுவது ஊர்ப் பஞ்சாயத்தையே. 'பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்கள்', 'பெண்ணின் வாழ்வு போய்விடும்', 'செய்தவன் பெரிய இடம்', 'செய்தவன் நம் உறவு' எனப் பல அச்சங்கள் எழுகின்றன. அவ்வச்சங்களை நாம் எள்ளி நகையாடவில்லை; கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்திற்கு இலவச உணவும் உறையுளும் எத்துணைப் பெரிய ஆதரவு என்பதை அறிவோம். ஆனால் அச்சத்தால் வாய்மூடினால், தீங்கிழைத்தவன் அடுத்த குழந்தையை நாடிச் செல்வான். 2012-ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரையும், நிறுவனத்தின் பொறுப்பாளர் தம் பணியாளர் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர இயலாது. குழந்தையின் பெயரும் பள்ளியும் செய்தியில் வெளிவரலாகாது. வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம். காவலர் சீருடையில் வரலாகாது. குறைபாடுள்ள குழந்தைக்குச் சிறப்பாசிரியரின் உதவியைப் பெறவும் சட்டம் வழி செய்கிறது. குற்றவாளி பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராயின், 1989-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவுகளையும் சேர்க்குமாறு கேளுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. பஞ்சாயத்தில் பேசி முடிக்கும் வழக்கன்று இது.

வீட்டிலும் நாம் காணும் ஒரு துயரம் உண்டு. தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையைத் தூணிற் கட்டிவிட்டுச் செல்கின்றனர். கொடுமனத்தால் அன்று, கிணற்றிலும் சாலையிலும் விழுந்துவிடுமோ என்னும் அச்சத்தாலேயே அவ்வாறு செய்கின்றனர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட வழியின்றி உயிரிழந்தனர். கட்டு, பாதுகாப்பு ஆகாது என்பதை அந்நெருப்பு உணர்த்திற்று. ஆனால் 'கட்டாதே' எனக் கட்டளையிடுவது எளிது. பகலில் அக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வழி செய்வதே உண்மையான உதவி.

எனவே நம் சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுகளுக்கு நாம் வேண்டுவன இவையே. முதலாவது, நம் பகுதியிலுள்ள குறைபாடுடைய குழந்தைகள் அனைவரின் பெயரையும் ஒரு பதிவேட்டில் எழுதி, அடையாள அட்டையும் பள்ளிச் சேர்க்கையும் பெற்றுத் தருதல். இரண்டாவது, விடுதியில் தங்கியுள்ள ஒவ்வொரு குழந்தையையும் மாதம் ஒருமுறை இருவராகச் சென்று கண்டு வருதல். கேட்பார் உண்டு என அறிந்த இடத்தில் தீங்கு செய்யத் துணிவோர் குறைவர். மூன்றாவது, காது கேளாத குழந்தை விடுமுறையில் ஊமைபோல் தனித்து அமராதவாறு, அதன் வீட்டாரும் இளைஞர் பத்துப் பேரும் சைகை மொழி கற்றல். நான்காவது, மாலை வகுப்பிற்கு மட்டும் பயன்படும் நம் கட்டடத்தைப் பகலில் இக்குழந்தைகளின் பேணுகைக்குத் திறந்துவிடுதல். இவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டா. தவறாத நாட்களும் தளராத மனமுமே வேண்டும்.

இளைஞர்களே! கல்வி பெற்றவர் எத்தனை பேர் என்பதைக் கொண்டு மட்டும் ஒரு சமுதாயத்தின் உயர்வை அளத்தல் இயலாது. தன்னுள் மிகவும் நலிந்த குழந்தையை அது எவ்வாறு காக்கிறது என்பதும் ஓர் அளவுகோலே. பதிவேட்டிற்குரிய முதற் பெயர்களை இன்று மாலைக்குள் செயலாளரிடம் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.